வலி தராத கடி

ஊர் மாறினால் பாம்பின் பெயரும் மாறிவிடுகிறது. நாம் கட்டுவிரியன் என்று அழைக்கும் பாம்பை இந்தி பேசுவோர் கரைத் என்பர். மராட்டியர் மண்யார் என்பர். வங்காளத்தில் அது காலாச். வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் நாம் இப்பெயர்களை அறிந்திருத்தல் நன்று. அக்கம்பக்கத்தார் எச்சரிக்கும்போது, எதைக் குறித்து எச்சரிக்கின்றனர் என்பது நமக்கு விளங்க வேண்டும் அல்லவா?

பெயரில் விரியன் என்றிருப்பினும், இப்பாம்பு கண்ணாடி விரியனுக்கு நெருங்கிய உறவன்று. நல்ல பாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. பெரும்பாலும் ஒரு மீட்டர் நீளம் வளரும். பளபளக்கும் கரிய உடலில் மெல்லிய வெண்பட்டைகள் இரட்டை இரட்டையாகக் குறுக்கே ஓடும். அவை வாற்பக்கம் தெளிவாகவும் தலைப்பக்கம் மங்கலாகவும் இருக்கும். விஷமற்ற ஓநாய்ப் பாம்பிலோ பட்டைகள் தலைப்பக்கமே தெளிவாயிருக்கும். எனினும், இந்த வேற்றுமையைச் சோதிக்க அருகிற் செல்வது அறிவுடைமை ஆகாது.

பகலில் இது எலிவளையிலும் செங்கற்குவியலிலும் சாதுவைப்போல் சுருண்டு கிடக்கும். இருட்டிய பின்னரே இரை தேடப் புறப்படும். பிற பாம்புகளே இதன் முக்கிய உணவு. தன் இனத்தையும் விழுங்கும். எலி, பல்லி, தவளை ஆகியவற்றையும் தின்னும். இவ்விரையை நாடி வீட்டினுள் நுழையும்போதுதான், தரையில் உறங்குவோர் கடிபடுகின்றனர்.

இதன் விஷம் நரம்பின் நுனிகளைத் தாக்கி, தசைகளுக்குச் செல்லும் கட்டளையைத் தடுக்கிறது. பற்களோ மிகச் சிறியவை. கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. உறங்குபவர் கொசுக்கடி என்றெண்ணித் திரும்பிப் படுத்துவிடுவார். சில மணி நேரத்தில் வயிறு வலிக்கும், இமைகள் தாமே தாழும், பேச்சுக் குழறும், விழுங்க இயலாது, முடிவில் மூச்சுத் தசைகளும் ஓய்ந்துவிடும். விடியற்காலை வயிற்றுவலியை அஜீரணம் என்று கருதிக் கஷாயம் கொடுத்துக் காலம் போக்கியதால் இழந்த உயிர்கள் பல.

இதற்கு மாற்று மருந்து உண்டு. அதற்கான விஷத்தைச் சேகரிப்பதில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் பங்கு பெரிது. நாடெங்கும் பயன்படும் அம்மருந்து இரத்தத்தில் உலவும் விஷத்தை முறிக்கும். பழுதுற்ற நரம்பு நுனிகளை உடனே சீராக்காது. அவை தேறும் வரையில் மூச்சுக்கருவி துணை நிற்க வேண்டியிருக்கும். ஆகவே தாமதமே பெரும் பகை. கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல், மந்திரித்தல் எதுவும் வேண்டா. கடிபட்ட அங்கத்தை அசைக்காமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

வேலைத்தலத்துக் கொட்டகையிலோ வாடகை அறையிலோ படுப்பவர் இயன்றால் கட்டிலிற் படுப்போம். இயலாவிடில், கொசுவலையின் ஓரங்களைப் பாயின் கீழ் நன்கு செருகிக்கொள்வோம். இரவில் விளக்கின்றி நடவோம். வலியில்லை என்பதால் ஆபத்தில்லை என்று மட்டும் எண்ணாதிருப்போம்.