பழைய பெட்டியில் புதிய கணினி

‘பழைய கள், புதிய மொந்தை’ என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. அதனைத் தலைகீழாக்கிப் பழைய மொந்தையிலே புதிய கள்ளை வார்க்கும் முயற்சியொன்று இன்று பல நாடுகளிலும் இளைஞர்களைக் கவர்ந்துள்ளது. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட கணினிப் பெட்டியின் உள்ளுறுப்புகளை நீக்கி, இக்காலக் கணினியை அதனுள் பொருத்துவதே அம்முயற்சியாகும்.

சப்ரகமுவத் தோட்ட மக்களுக்கு இஃது அந்நியமான செய்தியன்று. முற்காலத்தில் தேயிலைத் தொழிற்சாலைகளில் ஒரே எஞ்சின் நீண்ட இரும்புத் தண்டைச் சுழற்ற, அதிலிருந்து ஓடிய பட்டிகள் ரோலர்களை இயக்கின. பிற்பாடு மின்மோட்டார்கள் வந்தன. ஆயினும் கொழுந்தை உருட்டும் ரோலரின் உருவம் மாறவில்லை. உறுதியான உடலை வைத்துக்கொண்டு உயிரை மாற்றும் வித்தை நாம் அறிந்ததே.

ஐ.பி.எம். நிறுவனத்தின் முதற் பி.சி. 1981 ஆகஸ்ட் 12 ஆம் திகதி வெளிவந்தது. கனத்த எஃகுத் தகட்டாலான அதன் பெட்டிக்குள் இருந்த மின்வழங்கியின் வலு 63.5 வாட் மாத்திரமே. அக்காலப் பலகைகளின் அளவும், திருகாணித் துளைகளின் இடமும் இன்றைய பலகைகளினின்றும் வேறுபட்டவை. இக்குறையைத் தீர்க்க உதவுவது, வியா நிறுவனம் 2001 இல் அறிமுகப்படுத்திய மினி ஐ.டி.எக்ஸ். அமைப்பு. பதினேழு சென்ரிமீற்றர் சதுரமேயான இப்பலகை பழைய பெட்டியினுள் எளிதில் அடங்கும். பித்தளைத் தாங்கிகளின் மேல் அதனை உயர்த்திப் பொருத்துதல் வேண்டும். பலகையின் அடிப்புறம் எஃகுத் தகட்டைத் தொடுமாயின் மின்சுற்றுக் குறுகிப் பலகையே பாழாகும்.

அடுத்து வெப்பத்தைக் கவனித்தல் வேண்டும். பழைய பெட்டிகளில் காற்றோட்டத் துளைகள் குறைவு. இரத்தினபுரியின் புழுக்கமோ அதிகம். ஆதலின் மின்சாரத்தைச் சிக்கனமாக உண்ணும் செயலியைத் தெரிந்து, காற்றை வெளியேற்றும் விசிறியொன்றையும் அமைப்பதே நன்று.

இவை யாவற்றினும் முக்கியமானது உயிர்ப் பாதுகாப்பு. 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் வந்த பல பெட்டிகளில், முன்புற ஆளிக்கே 230 வோல்ட் மின்சாரம் நேராக வந்தது. புதிய பலகை ஆளியிடம் கேட்பதோ மிகக் குறைந்த அழுத்தமுள்ள ஒரு சைகையை மட்டுமே. ஆகவே பழைய ஆளியையும் அதன் கம்பிகளையும் முற்றாக அகற்றி, தொட்டவுடன் மீளும் சிறு பொத்தானை வைத்தல் அவசியம். அமிழ்ந்தே நிற்கும் பொத்தானை இணைத்தால், சில வினாடிகளில் கணினி தானே அணைந்துவிடும். பழைய மின்வழங்கியை உபயோகித்தலும் கூடாது, திறத்தலும் கூடாது. மின்சாரத் தொடர்பை நீக்கிய பின்னரும் அதனுள் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும்.

பெட்டி உலோகமாதலால் புவித்தொடுப்பு இன்றியமையாதது. மூன்றாம் முளையில்லாத செருகியில் அதனை இணைப்பது ஆபத்தை அழைப்பதாகும். பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடிமின்னல் மிகும். மழை இருளத் தொடங்கியதுமே செருகியையும் இணையக் கம்பியையும் கழற்றிவிடுதல் அறிவுடைமை.

கழித்த பொருள்களை என் செய்வது? செம்புக்காகக் கம்பிகளைக் கொளுத்தும் வழக்கம் சிறுவரிடையே உண்டு. அப்புகை நஞ்சாகும். பழைய பலகைகளின் பற்றாசில் ஈயம் கலந்துள்ளது. ஆதலின் ஓடையிலோ தேயிலை மலையிலோ வீசாது, மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைத்தல் வேண்டும். 2022 இல் மட்டும் உலகில் 620 இலட்சம் தொன் மின்கழிவு சேர்ந்ததாகவும், அதில் 22.3 சதவீதமே முறைப்படி சேகரிக்கப்பட்டு மீட்கப்பட்டதாகவும் ஐக்கிய நாடுகள் அறிக்கை கூறுகின்றது.

இன்னும் ஒன்று. இயங்கும் நிலையிலுள்ள பழைய கணினியைக் குடைந்து வெறுங்கூடாக்குதல் முறையன்று. அஃது ஒரு காலத்தின் சாட்சி. உயிர்போன பெட்டியையே தேர்ந்தெடுங்கள். மகன் பெட்டியைத் துடைக்க, மகள் திருகாணிகளை முடுக்க, மின்வேலையை அறிந்தவர் அருகிருக்க, ஒரு வீட்டின் முதற் கணினி இவ்வாறு உருப்பெறலாம். வெளித்தோற்றம் பழையதாயினும், பிள்ளைகளின் படிப்புக்கு வேண்டிய வேகம் அதனுள் இருக்கும்.