ஏறினாலும் பயம், இறங்கினாலும் பயம்

புற்றுநோய்ச் சிகிச்சையில் எடை படுத்தும் பாட்டை மருத்துவர்கள் அளக்கிறார்கள். அதோடு வாழும் வழியை, அதே பாதையில் போய் வந்தவர்கள் சொல்லித் தருகிறார்கள்.

திருவனந்தபுரத்தில் இரண்டு பேர் நாள் கழித்துச் சந்தித்தால் பேச்சு பெரும்பாலும் உடம்பில்தான் தொடங்கும். "க்ஷீணிச்சு போயல்லோ" என்பார் ஒருவர். இளைத்துப் போய்விட்டீர்களே என்று பொருள். சற்றுப் பூசினாற்போல் தெரிந்தால் "தடிச்சல்லோ". களியக்காவிளையைத் தாண்டி நாகர்கோவில் பக்கம் வந்தால் அதுவே "மெலிஞ்சு போயிட்டியே" ஆகிவிடும். எல்லாம் பாசத்தில் சொல்வதுதான். பதிலைக்கூட யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் கேட்பவர் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவராக இருந்தால் அந்த ஒரு வார்த்தையோடு வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன் நிற்பார்.

இந்த ஊரில் அப்படிப்பட்டவர்கள் அதிகம். மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981ல் தொடங்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையம்தான் காரணம். ஆர்.சி.சி. என்றால் ஆட்டோக்காரர் மறுகேள்வி கேட்க மாட்டார். டாக்டர் எம். கிருஷ்ணன் நாயர் அதன் நிறுவன இயக்குநராக இருந்து வளர்த்தார். கேரளத்தின் தென் மாவட்டங்களுக்கு மட்டுமல்ல, கன்யாகுமரி, திருநெல்வேலி, தென்காசிக்காரர்களுக்கும் கைக்கெட்டும் பெரிய புற்றுநோய் மருத்துவமனை அது. அதிகாலை பஸ்ஸில் மார்த்தாண்டத்திலிருந்து ஏறி, கையில் ஃபைலும் பிளாஸ்க்குமாக இறங்கும் கூட்டத்தில் தமிழும் மலையாளமும் சம அளவில் கலந்திருக்கும்.

உள்ளே நுழைந்ததும் எடை மெஷின். இது வெறும் சடங்கல்ல. கீமோதெரபி மருந்துகளில் பலவற்றின் அளவை நோயாளியின் உயரத்தையும் எடையையும் வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். கிலோ கணக்கில் மாறினால் மருந்தின் அளவும் மாறும். கதிர்வீச்சில் விஷயம் இன்னும் நுணுக்கம். வாய், தொண்டைப் புற்றுநோய்க்காரர்களுக்கு முகத்தின் மேல் அச்செடுத்து ஒரு பிளாஸ்டிக் கூடு செய்வார்கள். தலை அசையாமல் இருக்க வேண்டும், கதிர் மில்லிமீட்டர் பிசகாமல் விழ வேண்டும் என்பதற்காக. கன்னம் ஒட்டிப் போனால் கூடு தளர்ந்துவிடும். சிலருக்குப் புதிதாக அச்செடுத்து, திட்டத்தையே மறுபடி போட வேண்டி வரும்.

வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கம் வேரோடிய பகுதி இது. வாய்ப் புற்றுநோய் இங்கே பழைய எதிரி. 1996ல் தொடங்கி திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளில் ஏறக்குறைய 1.9 லட்சம் பேரை வைத்து ஆர்.சி.சி. ஓர் ஆய்வு நடத்தியது. மருத்துவர்கள் அல்ல, பயிற்சி பெற்ற பட்டதாரிகள் வீடு வீடாகப் போய் டார்ச் விளக்கில் வாயைப் பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005ல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியாயிற்று. சாதாரண ஆட்களுக்குச் சரியாகச் சொல்லிக் கொடுத்தால் பெரிய காரியம் நடக்கும் என்பதற்கு உள்ளூர் சாட்சி அது. இந்தக் கட்டுரைக்கும் அது தேவைப்படுகிறது.

வாய்க்குக் கதிர்வீச்சு என்றால் வாரம் ஐந்து நாள் வீதம் ஆறு, ஏழு வாரம். முதல் இரண்டு வாரம் பெரிதாக ஒன்றும் தெரியாது. பிறகு வாய் வெந்து போகும். எச்சில் பசை போலாகும். ருசி செத்துவிடும். உப்பு கசக்கும், சர்க்கரை மண் போலிருக்கும். ரசம் நாக்கில் பட்டால் நெருப்பு. மருத்துவக் கல்லூரி வாசலில் டி.ஒய்.எஃப்.ஐ. இளைஞர்கள் வீடுகளிலிருந்து திரட்டி வந்து தரும் இலவசப் பொதிச்சோறு பல குடும்பங்களின் மதிய உணவு. துணைக்கு வந்தவர் அதைப் பிரித்துச் சாப்பிடுவார். நோயாளி மணத்தை மட்டும் முகர்ந்தபடி உட்கார்ந்திருப்பார்.

மிச்சமிருப்பது கஞ்சி. கேரளமும் தமிழகமும் ஒருமனதாக நம்பும் நோயாளி உணவு அதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை புரியும். சிகிச்சையில் இருப்பவருக்குத் தினமும் கிலோவுக்கு 25 முதல் 30 கலோரியும், குறைந்தது ஒரு கிராம் புரதமும் வேண்டும் என்பது பொதுவான மருத்துவ வழிகாட்டுதல். 50 கிலோ ஆளுக்கு 1,250 கலோரி, 50 கிராம் புரதம். ஒரு டம்ளர் நீர்த்த கஞ்சியில் 25 கிராம் அரிசி இருந்தால் சுமார் 90 கலோரி, 2 கிராம் புரதம். கலோரிக்கு 14 டம்ளர் குடிக்க வேண்டும். புரதத்துக்கு 25. வாய் வெந்தவர் இறக்குவதோ மூன்று, நான்கு டம்ளர்.

கஞ்சியின் குற்றமல்ல இது. அதில் ஒன்றும் சேர்க்காததுதான் குற்றம். நன்றாக வெந்த முட்டையை மசித்துப் போட்டால் 6 கிராம் புரதம் ஏறும். தண்ணீருக்குப் பதில் பால் ஒரு டம்ளர் சேர்த்தால் இன்னொரு 6 கிராம். வறுத்த நிலக்கடலைப் பொடி, முள் நீக்கி மசித்த மீன், மேலே ஒரு பெரிய கரண்டி தேங்காயெண்ணெய். எண்ணெய் மட்டுமே 120 கலோரி வரும். புளியும் மிளகாயும் கிடையாது. சூடு ஆறிய பிறகு, இரண்டு மணிக்கு ஒருமுறை, கொஞ்சமாக. உணவு ஆலோசகர் இதைத் தாளில் எழுதிக் கொடுப்பார். வீட்டில் தாள் அலமாரிக்குப் போய்விடும். விலை உயர்ந்த டப்பா மாவு வரும். போர்ச்சுகலில் குடல் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 111 பேரிடம் நடந்து 2005ல் வெளியான ஆய்வு இதில் ஒரு பாடம் வைத்திருக்கிறது. வழக்கமான உணவையே எப்படிச் சாப்பிடுவது என்று தனித்தனியாக ஆலோசனை பெற்றவர்கள், டப்பா பானம் மட்டும் பெற்றவர்களைவிட, சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்தும் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

இதற்கும் மேல் ஒரு சிக்கல் உண்டு. சில புற்றுநோய்கள் பசியையே அணைத்துவிடுகின்றன. ஆறு மாதத்தில் தானாக 5 சதவீதத்துக்கு மேல் எடை போனால், அதாவது 60 கிலோ ஆளுக்கு 3 கிலோவுக்கு மேல் கரைந்தால், மருத்துவம் அதை நோயின் ஒரு பகுதியாகவே பார்க்கிறது. கொழுப்போடு தசையும் கரையும். ரத்தத்தில் ஜி.டி.எஃப்-15 என்ற பொருள் கூடுவது ஒரு காரணம். அதைத் தடுக்கும் மருந்தை 187 நோயாளிகளிடம் சோதித்ததில் 12 வாரத்தில் எடை கூடியதாக 2024ல் முடிவு வெளியானது. மருந்து இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. ஆனால் "வீம்புக்குச் சாப்பிட மாட்டேன் என்கிறார்" என்று புலம்பும் மனைவிமார் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. வீம்பு மனிதருடையதல்ல, அவர் ரத்தத்தினுடையது.

ஒரு கட்டத்தில் மருத்துவர் மூக்கு வழியே குழாய் போடலாம் என்பார். அங்கேதான் பல பேர் உடைகிறார்கள். மூக்கில் டியூப் என்றால் கதை முடிந்தது என்பது ஊர் நம்பிக்கை. மருத்துவர் தற்காலிகம்தான் என்று பத்து முறை சொன்னாலும் காதில் ஏறாது. போன வருஷம் அதே குழாயோடு இரண்டு மாதம் இருந்துவிட்டு, இப்போது பரிசோதனைக்கு வந்து கான்டீனில் இட்லி சாப்பிடுகிற ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும். குழாயில் கேழ்வரகுக் கஞ்சியை எத்தனை முறை வடிகட்டுவது, ஏற்றும்போது தலையை எவ்வளவு உயர்த்தி வைப்பது, ஏற்றிய பிறகு எவ்வளவு நேரம் படுக்கக் கூடாது, பஸ்ஸில் பார்ப்பவர்களிடம் என்ன சொல்வது என்று அவர் சொல்வார். கடைசிக் கேள்விக்கு எந்த மருத்துவரிடமும் பதில் கிடையாது. குழாய் வேண்டாம் என்று பாதியில் சிகிச்சையை விட்டுப் போகிறவருக்கு இழப்பு எடை மட்டுமல்ல. கதிர்வீச்சில் விட்ட நாட்கள் நோய்க்குக் கிடைத்த நாட்கள்.

எடை ஏறுகிறவர்களின் துயரம் வேறு மாதிரி. யாரும் அதைத் துயரமாகவே எடுத்துக்கொள்வதில்லை.

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ பெறும் பெண்களில் பலர் சில கிலோ கூடுகிறார்கள். குமட்டலுக்குக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் ஸ்டிராய்டு பசியைக் கிளப்பும், நீரைத் தேக்கும். மாதவிலக்கு முன்கூட்டியே நிற்கும். களைப்பால் நடமாட்டம் குறையும். இதற்கிடையே சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸும் ஆட்டுக்கால் சூப்புமாக வருவார்கள், "சத்து வேண்டாமா?" என்று. ரவிக்கை இறுகும். அறுவைச் சிகிச்சை நடந்த பக்கத்துக் கை வீங்கும் அபாயமும் எடையோடு கூடும். முடி உதிர்ந்து, ஒரு மார்பு இழந்து, முகம் உப்பி நிற்பவளைப் பார்த்து "நோயாளி மாதிரியே இல்லையே" என்று பாராட்டுவார்கள். அவள் சிரித்து வைப்பாள்.

தைராய்டு புற்றுநோய் பெண்களிடம் நாட்டிலேயே அதிகம் பதிவாகும் பகுதிகளில் திருவனந்தபுரமும் ஒன்று. சுரப்பியை எடுத்த பிறகு கதிரியக்க அயோடின் கொடுப்பதற்காகச் சிலருக்கு மூன்று, நான்கு வாரம் தைராக்சின் மாத்திரையை நிறுத்துவார்கள். அந்த வாரங்களில் உடம்பு கனக்கும், முகம் வீங்கும், எடை ஏறும், அழுகை வரும். கூடவே அயோடின் குறைந்த பத்தியம். அயோடின் உப்பு கூடாது. கடல்மீன் கூடாது. சாளையும் நெத்திலியும் இல்லாமல் ஒரு நாள் போகாத ஊரில் மீன் இல்லை, எடை மட்டும் ஏறுகிறது என்றால் யாருக்குத்தான் மனம் நொறுங்காது? மாத்திரையை மறுபடி தொடங்கியபின் கனம் படிப்படியாக இறங்கும் என்பதை, இறங்கப் பெற்ற ஒருத்தி வாயால் கேட்பதற்குத் தனி மதிப்பு இருக்கிறது.

போய் வந்தவரே வழிகாட்டுவது என்ற ஏற்பாடு புதிதல்ல. நியூயார்க்கில் மார்பகத்தை இழந்த டெரீஸ் லாஸர் 1952ல் தன்னைப் போன்ற பெண்களை மருத்துவமனையிலேயே போய்ப் பார்க்கத் தொடங்கினார். மருத்துவர்களுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. 1969ல் அமெரிக்கப் புற்றுநோய்க் கழகமே அந்தப் பணியை ஏற்றுக்கொண்டது. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவிலிருந்து மீண்ட ஹர்மாலா குப்தா டெல்லியில் 1991ல் கேன்சர் சஹயோகையும் 1996ல் கேன்சப்போர்ட்டையும் தொடங்கினார். கேரளத்தில் இதற்கு நிலம் முன்பே பதப்பட்டிருந்தது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003ல் பாலியம் இந்தியாவைத் தொடங்கினார். 2008ல் மாநில அரசு ஆதரவு மருத்துவத்துக்கெனக் கொள்கையே வகுத்தது. வார்டு தோறும் தொண்டர்கள் நோயாளியின் வீட்டுக்குப் போவது இங்கே அதிசயமில்லை.

அந்த மண்ணிலிருந்து வந்தவர்தான் நந்து மகாதேவா. திருவனந்தபுரம் மாவட்டத்துப் பரதன்னூர்க்காரர். எலும்புப் புற்றுநோய்க்கு ஒரு காலைக் கொடுத்தவர். 'அதிஜீவனம்' என்ற பெயரில் நோயாளிகளையும் மீண்டவர்களையும் ஒன்றுசேர்த்தார். 2021 மே 15ல், 27 வயதில் இறந்தார். கேரளமே அழுதது. அவர் திரட்டியது மருத்துவ அறிவையல்ல, ஒருவரையொருவர் அழைத்துப் பேசும் பழக்கத்தை. நடிகர் இன்னொசென்ட் தன் புற்றுநோய் நாட்களைச் சிரிக்கச் சிரிக்க எழுதி அதையே வேறு விதத்தில் செய்தார்.

ஆனால் அனுபவம் மட்டும் போதாது. அனுபவசாலிகள்தான் வதந்தியையும் சுமந்து வருகிறார்கள். ஒரு காலத்தில் கேரளமெங்கும் முள்சீத்தாவும் லட்சுமி தருவும் புற்றுநோய்க்கு மருந்தென்று வீட்டுக் கொல்லைகளில் ஏறின. கொதிக்கும் இளநீர் புற்றுநோயைக் கொல்லும் என்று மும்பை டாடா மெமோரியலின் அப்போதைய இயக்குநர் ராஜேந்திர பட்வே பெயரில் செய்தி பரவி, மருத்துவமனையே மறுப்பு வெளியிட நேர்ந்தது. எடை விஷயத்தில் மிக ஆபத்தானது "சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினியில் சாகும்" என்பது. ஏற்கெனவே கரைந்துகொண்டிருப்பவர் சோறையும் பழத்தையும் நிறுத்தினால் முதலில் பட்டினி கிடப்பது அவர் தசைதான். அதேபோல, கீமோ நடக்கும்போதே எடையைக் குறைக்கிறேன் என்று ஒருவேளை உணவை விடுவதும் வேண்டாத வேலை.

ஆகவே நல்ல துணை தன் எல்லையை அறிந்திருக்க வேண்டும். மருந்தைப் பற்றிப் பேசக் கூடாது. தன் உடம்புக்கு நடந்தது எல்லோருக்கும் நடக்கும் என்று சொல்லக் கூடாது. சில அடையாளங்களைக் கண்டால் உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இரண்டே நாளில் எடை விறுவிறுவென்று ஏறி கால் வீங்கினால் அது சாப்பாட்டால் வந்ததல்ல, நீர். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட இறங்கவில்லை என்றாலும், குடித்ததும் புரையேறினாலும், காய்ச்சல் வந்தாலும் காத்திருக்க நேரமில்லை.

சிகிச்சைக்குப் பிந்தைய காலத்துக்கு 2025ல் ஒரு வலுவான சான்று வந்தது. கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த 889 பேரில் ஒரு பாதிக்கு மூன்றாண்டு உடற்பயிற்சித் திட்டம், மறுபாதிக்கு அறிவுரைப் புத்தகம் மட்டும். ஐந்தாண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முதல் பிரிவில் 80.3 சதவீதம், இரண்டாவதில் 73.9. முதல் பிரிவினர் பெரும்பாலும் செய்தது வேக நடைதான். அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது, விடாமல் கூப்பிட்டுக் கேட்க ஓர் ஆள்.

திருவனந்தபுரத்தில் விடியற்காலையில் மியூசியம் வளாகத்திலும் கனகக்குன்னிலும் நடப்பவர் கூட்டம் பிரசித்தம். சிகிச்சை முடித்த ஒரு பெண் அங்கே தனியாகப் போகத் தயங்குவாள். தலையில் முடி இப்போதுதான் முளைக்கிறது. கைக்குப் பட்டை சுற்றியிருக்கிறது. தெரிந்தவர்கள் எதிர்ப்பட்டால் மறுபடி "தடிச்சல்லோ". அதே வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் கூட வருவதாகச் சொன்னால் கிளம்பிவிடுவாள். முதல் நாள் பத்து நிமிடம். மூச்சு வாங்கினால் உட்கார பெஞ்சு இருக்கிறது.