ரிவால்வர் தோட்டாக்களில் இலகு ஈயக் குண்டுகள்

கையால் தோட்டா நிரப்புதல் என்பது, சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தூக்கி எறியாமல், அதில் புதிய வெடிமருந்தும் புதிய குண்டும் வைத்து மீண்டும் பயன்படுத்தும் முறையாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இலக்குச் சுடும் விளையாட்டில் ஈடுபடுவோரிடையே இது நூறாண்டுகளுக்கும் மேலாக வழக்கில் உள்ளது. அவர்களுள் ஒரு பகுதியினர் ஈயத்தை உருக்கித் தாங்களே குண்டு வார்க்கின்றனர். வழக்கமான எடையைவிடக் குறைந்த எடையுள்ள குண்டுகளை ரிவால்வருக்காக வார்த்து நிரப்புவது இக்கலையின் ஒரு பிரிவு. இந்த முறையின் வரலாறு, அதன் பின்னுள்ள இயற்பியல், அதில் மறைந்திருக்கும் ஆபத்து ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தோட்டாவின் பகுதிகள்

பேச்சு வழக்கில் தோட்டா, குண்டு என்னும் இரு சொற்களையும் ஒரே பொருளில் பயன்படுத்துகிறோம். உண்மையில் தோட்டா என்பது முழுமையான பொருள். குண்டு அதன் ஒரு பகுதி மட்டுமே. ஒரு தோட்டாவில் நான்கு பகுதிகள் உள்ளன.

1. கூடு: பித்தளையால் ஆன குழல். மற்ற மூன்றையும் தாங்குவது இதுவே. நான்கிலும் விலை மிகுந்ததும், மீண்டும் மீண்டும் பயன்படுவதும் இதுதான்.
2. பிரைமர்: கூட்டின் அடியில் உள்ள சிறு கிண்ணம். சுத்தியல் தட்டியதும் தீப்பொறி எழுப்புவது.
3. வெடிமருந்து: எரிந்து வாயுவாக மாறிக் குண்டைத் தள்ளுவது.
4. குண்டு: குழாய் வழியே வெளியேறி இலக்கை அடைவது.

குண்டின் எடையையும் மருந்தின் எடையையும் கிரெயின் என்னும் அலகால் குறிப்பர். தமிழ்நாட்டுப் பொற்கொல்லர்கள் குன்றிமணியை எடைக்கல்லாகக் கொண்டது போல, ஆங்கிலேயர் தானிய மணியை அடிப்படையாகக் கொண்டு ஏற்படுத்திய அலகு இது. ஒரு கிரெயின் ஏறத்தாழ 64.8 மில்லிகிராம், 7000 கிரெயின் சேர்ந்தது ஒரு பவுண்டு.

வரலாறு

உலோகக் கூடுள்ள தோட்டா வருவதற்கு முன், ரிவால்வர் வைத்திருந்தவர் தம் குண்டைத் தாமே வார்த்துக்கொள்வது இயல்பாக இருந்தது. கோல்ட் நிறுவனத்தின் பழைய ரிவால்வர்கள் பலவும் குண்டு வார்க்கும் அச்சுடனேயே பெட்டியில் விற்கப்பட்டன. 1873இல் அதே நிறுவனத்தின் .45 கோல்ட் தோட்டா வந்தது. கடைகள் தொலைவில் இருந்த மேற்கு மாநிலங்களில் பித்தளைக் கூட்டைச் சேர்த்து வைத்து மறுபடி நிரப்புவது சிக்கனமாகவும் தேவையாகவும் இருந்தது.

1884இல் ஜான் பார்லோ என்பவர் கனெக்டிகட் மாநிலத்தில் ஐடியல் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். பாக்குவெட்டி போன்ற வடிவில் அமைந்த இதன் கைக்கருவியால் தோட்டா நிரப்பும் வேலைகள் பலவற்றைச் செய்ய முடிந்தது. சில வகைகளில் குண்டு அச்சும் கருவியின் முனையிலேயே இணைந்திருந்தது. 1925இல் ஐடியல் நிறுவனத்தை லைமன் நிறுவனம் வாங்கியது.

பார்லோ தொழில் தொடங்கிய அதே 1884இல் பிரான்சில் பால் வியேய் என்னும் வேதியியலாளர் புகையற்ற வெடிமருந்தை உருவாக்கினார். கரிமருந்தைவிட மிகக் குறைந்த அளவிலேயே இது அதே வேலையைச் செய்தது. இந்த மாற்றம் தோட்டா நிரப்புவோரின் பாதுகாப்பை எவ்வாறு பாதித்தது என்பதைப் பின்னர் காணலாம்.

1898இல் ஸ்மித் அண்டு வெஸ்சன் நிறுவனம் .38 ஸ்பெஷல் தோட்டாவை அறிமுகம் செய்தது. இதற்குரிய வழக்கமான ஈயக் குண்டின் எடை 158 கிரெயின், அதாவது சுமார் 10.2 கிராம். தாளிலான இலக்கைச் சுடும் போட்டிகளுக்கு, முனை தட்டையான 148 கிரெயின் குண்டு புகழ்பெற்றது. இது தாளைக் கிழிக்காமல் வட்டமாக வெட்டிச் செல்வதால் மதிப்பெண் கணக்கிடுவது எளிது.

இவற்றைவிட இலகுவான குண்டுகளுக்குத் தேவை பெருகியது கவ்பாய் துப்பாக்கிச் சுடும் போட்டிகளால்தான். 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் தோன்றிய இவ்விளையாட்டுக்கு 1987இல் தனிச் சங்கம் அமைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு உடையணிந்து, அக்கால வகைத் துப்பாக்கிகளால், அருகில் நிற்கும் எஃகுத் தகடுகளை விரைவாகச் சுடுவது இதன் முறை. செம்பு உறையிட்ட குண்டு எஃகில் பட்டால் அதன் துண்டுகள் சுடுபவரை நோக்கித் திரும்பக்கூடும். எனவே இப்போட்டிகளில் மென்மையான ஈயக் குண்டுகளே அனுமதிக்கப்படுகின்றன.

எடை குறைந்தால் என்ன ஆகும்?

குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும். நியூட்டனின் மூன்றாம் விதிக்குப் பாடநூல்கள் தரும் எடுத்துக்காட்டு இது. இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஒரு ரிவால்வரின் எடை 1 கிலோகிராம் என்று கொள்வோம். 10.2 கிராம் குண்டு நொடிக்கு 230 மீட்டர் வேகத்தில் வெளியேறினால் அதன் உந்தம் சுமார் 2.35 அலகு. எனவே துப்பாக்கி நொடிக்கு 2.35 மீட்டர் வேகத்தில் பின்னே வரும். குண்டு 105 கிரெயின், அதாவது 6.8 கிராம் ஆகி, வேகம் மாறாதிருந்தால், துப்பாக்கி பின்வரும் வேகம் சுமார் 1.56 மீட்டராகக் குறையும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைச் சார்ந்தது. ஆதலால் கை தாங்க வேண்டிய ஆற்றல் சுமார் 2.8 ஜூலிலிருந்து 1.2 ஜூலுக்கு இறங்குகிறது. குண்டின் எடை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. உதைப்பின் ஆற்றலோ பாதிக்கும் கீழே போய்விட்டது. (மருந்து வாயுவின் பங்கு இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.)

புதிதாகப் பழகுவோருக்கும், மூட்டுவலி உள்ள முதியோருக்கும், விரைவாக அடுத்த குறி வைக்க வேண்டிய போட்டியாளருக்கும் இதனால் பயனுண்டு. ஈயச் செலவும் குறைகிறது.

இதற்கு ஒரு பக்க விளைவும் உண்டு. உதைப்பினால் ரிவால்வரின் குழாய்முனை மேலெழுகிறது. குண்டு குழாயை விட்டு வெளியேறுவதற்குள்ளாகவே இந்த எழுச்சி தொடங்கிவிடுகிறது. கனமான, மெதுவான குண்டு குழாயினுள் சற்று அதிக நேரம் இருப்பதால், அது மேலே பட்டுவிடும். இலகுவான குண்டு பெரும்பாலும் கீழே படும். குறிகாட்டியை நகர்த்த முடியாத பழைய வகை ரிவால்வர்களில் சுடுபவரே இதற்கேற்பக் குறி வைக்க வேண்டும்.

ஈயமும் கலவையும்

ஈயத்தின் உருகுநிலை 327 டிகிரி செல்சியஸ். வீட்டு அடுப்பின் வெப்பத்திலேயே உருகிவிடும் என்பதால்தான் இது பழங்காலம் தொட்டு வார்ப்புக்கு உகந்த உலோகமாக இருந்து வருகிறது. தூய ஈயம் நகத்தால் கீறக்கூடிய அளவு மென்மையானது. வெள்ளீயம் சேர்த்தால் அச்சின் மூலைமுடுக்குகளில் நன்றாக ஓடி நிரம்பும்; ஆன்டிமனி சேர்த்தால் கடினமாகும். பழைய அச்சகங்களில் எழுத்து வார்த்த உலோகமும் இம்மூன்றின் கலவையே. அச்சகங்கள் மூடப்பட்டபோது கழிக்கப்பட்ட அந்த உலோகத்தை அமெரிக்கக் குண்டு வார்ப்போர் விரும்பி வாங்கினர்.

கடினமான குண்டே எப்போதும் சிறந்தது என்று எண்ணுவது தவறு. மருந்தின் அழுத்தத்தால் குண்டின் அடிப்பகுதி சற்று விரிந்து குழாயோடு ஒட்டி அடைக்க வேண்டும். குறைந்த அழுத்தமுள்ள நிரப்பலில் கடினமான குண்டு விரியாது. அப்போது சுடுவாயு அதன் ஓரமாகப் பீறிட்டு ஈயத்தை அரித்துக் குழாயின் உட்சுவரில் படியவைக்கும். அதனால் குறி தவறும். மெதுவான குண்டுக்கு மென்மையான கலவையே பொருத்தம். மெழுகும் எண்ணெயும் கலந்த மசகைக் குண்டின் பள்ளங்களில் பூசுவதும் இப்படிவைக் குறைக்கும்.

காலியிடம் தரும் ஆபத்து

இலகுவான குண்டு, குறைந்த மருந்து, மெல்லிய உதைப்பு: இவற்றைக் கேட்டதும் இது ஆபத்தற்ற நிரப்பல் என்றே தோன்றும். ஆனால் அனுபவமுள்ளவர்கள் மிகவும் அஞ்சும் இரு விபத்துகளும் இங்கேதான் காத்திருக்கின்றன.

.38 ஸ்பெஷல், .45 கோல்ட் ஆகியவற்றின் நீண்ட கூடுகள் கரிமருந்துக்கு ஏற்ற அளவுடையவை. கரிமருந்து கூட்டை நிறைத்துவிடும். இருமுறை ஊற்றினால் வழிந்து தவறைக் காட்டிக்கொடுக்கும். விரைந்து எரியும் புகையற்ற மருந்தோ கூட்டின் பாதியைக்கூட நிரப்புவதில்லை. இலகுவான குண்டு நீளமும் குறைந்தது என்பதால் உள்ளே காலியிடம் இன்னும் கூடுகிறது. கவனம் சிதறி ஒரே கூட்டில் இருமுறை மருந்து விழுந்தாலும் குண்டு இயல்பாகவே பொருந்தி உட்கார்ந்துவிடும். வெளியே எந்த அடையாளமும் தெரியாது. சுடும்போது எழும் அழுத்தம் ரிவால்வரின் உருளையைப் பிளந்துவிடலாம்.

இரண்டாவது விபத்து இதற்கு நேர்மாறானது. மருந்து விழவே இல்லை, அல்லது மிகக் குறைவாக விழுந்தது என்றால், பிரைமரின் விசை மட்டும் குண்டைத் தள்ளிக் குழாயின் நடுவில் நிறுத்திவிடும். வழக்கமான ஓசைக்குப் பதிலாக மெல்லிய "பட்" என்ற ஒலியே கேட்கும். அதைக் கவனியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழாய் புடைக்கும் அல்லது வெடிக்கும். ஓசையோ உதைப்போ மாறுபட்டால் உடனே நிறுத்தி, தோட்டாக்களை எல்லாம் வெளியே எடுத்து, குழாயைச் சோதிப்பது கட்டாயம்.

இதனால்தான் மருந்தளவை ஊகித்துக் குறைப்பதும் கூட்டுவதும் கூடாது என்பது இத்துறையின் முதல் விதி. மருந்து தயாரிப்பாளர்கள் சோதித்து வெளியிடும் அட்டவணையில் மேல் எல்லை, கீழ் எல்லை ஆகிய இரண்டுக்கும் பொருளுண்டு. மருந்திட்ட கூடுகளை எல்லாம் ஒரு தட்டில் நிறுத்தி, குண்டு வைக்கும் முன் விளக்கொளியில் ஒவ்வொன்றின் உள்ளும் பார்ப்பது எளிய காப்பு. குறைந்த எடையிலேயே அதிக இடம் அடைக்கும்படி வளைய வடிவில் செய்யப்பட்ட மருந்துகளும் இக்குறையைப் போக்கவே உருவாயின.

உடல்நலம்

ஈயம் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சு. குழந்தைகளுக்கு இதன் தீங்கு மிகுதி. குழந்தைகளின் இரத்தத்தில் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை. குண்டு வார்க்கும் இடத்தில் நல்ல காற்றோட்டம் வேண்டும். சமையல் பாத்திரங்களை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் கை கழுவி, உடை மாற்றிய பின்னரே உண்ண வேண்டும். சுட்ட கூடுகளில் படிந்த பிரைமர்த் தூசியிலும் ஈயம் உண்டு. மேலும், உருகிய ஈயத்தில் ஒரு துளி நீர் அகப்பட்டாலும் அது நொடியில் ஆவியாகி, கொதிக்கும் உலோகத்தைச் சுற்றிலும் வாரி இறைக்கும்.

சட்டம்

அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்பக் கூட்டரசின் உரிமம் தேவையில்லை; விற்பனைக்குத் தயாரிக்க உரிமம் வேண்டும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது தண்டனைக்குரிய குற்றமாகும்.