காப்புப்படியும் மீட்பும்: புற வன்தட்டிற்கு ஏற்ற மென்பொருளைத் தேர்தல்

பனையோலை நெடுங்காலம் நில்லாது. பூச்சியும் ஈரமும் அதனை அழிக்கும். ஆதலின் ஓர் ஏடு இற்றுப்போகும் நிலையை எய்துமுன் அதனைப் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதி வைப்பது நம்மவர் பண்டை வழக்கு. இன்று நமக்குக் கிடைத்துள்ள பழைய நூல்கள் அங்ஙனம் வழிவழியாகப் பெயர்த்தெழுதப்பட்ட படிகளேயன்றி, ஆசிரியர்தம் கையேடுகள் அல்ல என்பதனைச் சுவடி ஆராய்ச்சியாளர் அறிவர். இக்காலத்து ஆய்வாளரின் குறிப்புகளும், கள ஆய்விற் பதிந்த ஒலிப்பதிவுகளும், சுவடிகளின் ஒளிப்படங்களும், எழுதி முடியாத ஆய்வேடும் கணிப்பொறியின் வன்தட்டிற் கோப்புகளாக உள்ளன. ஓலை சிறிது சிறிதாக அழியும். வன்தட்டோ ஒரே நாளில் முழுதும் அழிதலும் உண்டு.

ஆகவே கோப்புகளைப் புற வன்தட்டு ஒன்றிற் படியெடுத்து வைத்தல் வேண்டும் என்பதிற் கருத்து வேறுபாடு இல்லை. அப்பணிக்கு எந்த மென்பொருளைக் கொள்வது என்பதே மாணவரும் உடன் பணியாற்றுவோரும் எம்மிடம் வினவுவது. விலை யாது, விரைவு எவ்வளவு, கையாள எளிதா என்பவற்றை நோக்கியே பலர் தேர்கின்றனர். இவை புறக்கணிக்கத்தக்கன அல்ல. ஆயினும் முதற்கண் நோக்கத்தக்கனவும் அல்ல. படியெடுத்தல் ஒரு வழி. மீட்டலே அதன் பயன். எனவே ஒரு மென்பொருள் எத்துணை விரைவாகப் படியெடுக்கிறது என்பதனினும், இழந்ததனை எந்நிலையில், எத்துணைத் தடையின்றி மீட்டுத் தரும் என்பதே தேர்வுக்கு அளவுகோல் ஆதல் வேண்டும் என்பது எம் துணிபு.

படியெடுக்கும் மென்பொருளே இழப்புக்குக் காரணமாதலும் உண்டு. ஜப்பான் நாட்டுக் கியோட்டோப் பல்கலைக்கழகத்தில் 2021-ஆம் ஆண்டு திசம்பர் 14 முதல் 16 வரை நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. அங்குள்ள மீக்கணினியின் கோப்புகளைப் படியெடுத்து வந்த நிரலில், பத்து நாட்களுக்கு மேற்பட்ட பதிவுக் குறிப்புகளை நீக்கும் பகுதி ஒன்று இருந்தது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் திருத்திய நிரல் எழுதப்பட்டமையால், எவற்றை நீக்குவது என்று குறிக்கும் இடம் வெறுமையாயிற்று. பழங்குறிப்புகளை நீக்குதற்கு மாறாக ஆய்வாளர்தம் கோப்புகளையே அந்நிரல் நீக்கிவிட்டது. 14 ஆய்வுக் குழுக்களின் ஏறத்தாழ 3 கோடியே 40 இலட்சம் கோப்புகள், 77 டெராபைட் அளவின, அழிந்தன. அவற்றுள் 4 குழுக்களின் கோப்புகளைக் காப்புப்படியினின்றும் மீட்க இயலவில்லை. அமைப்பினை வழங்கிய நிறுவனம் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டது. அத்துணைப் பெரிய நிலையத்திலேயே இது நிகழ்ந்ததெனின், தனி ஆய்வாளர் தம் கணிப்பொறியில் நிறுவும் மென்பொருள் எதனை எப்பொழுது நீக்கும் என்பதனை அறிந்தே நிறுவுதல் வேண்டும்.

இனி, படியெடுக்கும் முறைகளை நோக்குவாம். அவை பலவாயினும் தேர்வுக்கு இன்றியமையாத வேறுபாடு ஒன்றே. கணிப்பொறியில் இன்று உள்ளதனை அவ்வாறே வன்தட்டிற் காட்டுவது ஒரு முறை; இதனை மிரர் என்பர், யாம் ஆடிப்படி என்போம். இன்று உள்ளதனோடு நேற்றும் சென்ற திங்களும் இருந்தவற்றையும் தனித்தனியே வைத்திருப்பது மற்றொரு முறை. இதனை நிலைப்படி என்போம். விண்டோஸ் விஸ்டா முதல் இயங்குதளத்துடனேயே வருகின்ற ரோபோகாப்பி, மிரர் கட்டளையுடன் இயங்குங்கால் ஆடிப்படியே எடுக்கும். மூலக் கோப்புறையில் இல்லாத எதனையும் வன்தட்டினின்றும் அது நீக்கிவிடும். ஆர்சிங்க் என்பதும் நீக்கற் கட்டளை தரப்படின் அவ்வாறே செய்யும். ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராசு ஆகிய இருவரும் 1996-ஆம் ஆண்டு வெளியிட்ட நிரல் இது. இதன் அடிப்படை டிரிட்ஜெல் 1999-ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்திற்கு அளித்த முனைவர்பட்ட ஆய்வேட்டில் விளக்கப்பட்டுள்ளது. ஆய்வேடுகளைக் காக்கும் கருவி ஒன்று ஆய்வேட்டின் பொருளாகவே அமைந்தமை நமக்கு மகிழ்ச்சி தருவதே.

ஆடிப்படி தீதன்று, ஆயின் அது மட்டும் போதாது. எம் ஆய்வு மாணவர் ஒருவர் ஆய்வேட்டின் மூன்றாம் இயலைச் சேமித்துக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றது. கோப்பின் பெயரும் அளவும் மாறவில்லை. உள்ளே எழுத்து ஒன்றும் இல்லை. அன்றிரவே, வழக்கம்போல் ஆடிப்படி எடுக்கும் மென்பொருள் இயங்கிப் பழுதுற்ற கோப்பை வன்தட்டில் இருந்த நல்ல கோப்பின்மேல் எழுதிவிட்டது. மறுநாட் காலையிற் கணிப்பொறியிலும் வன்தட்டிலும் ஒரே பழுது ஒத்த வடிவில் இருந்தது. மென்பொருள் தனக்கு இட்ட பணியைப் பிழையின்றியே செய்துள்ளது. திருத்தத்திற்காக எம்மிடம் தந்திருந்த அச்சுப்படியைக் கொண்டே அவ்வியலை அவர் மீண்டும் தட்டச்சுச் செய்தார்.

தமிழாய்வாளர்க்கு இச்செய்தி புதிதன்று. பிற்பட்ட படியே திருந்திய படி என்று பதிப்பாசிரியர் எவரும் கொள்ளார். பின்னோன் பிழைபட எழுதிய இடத்து முன்னோன் ஏடு நல்ல பாடத்தைக் காட்டும். படிகள் பல இருத்தலினாலேயே பாடவேறுபாடுகளை ஒப்பிட்டு நூலின் வடிவத்தை உணர்கிறோம். புதிய ஏடு எழுதிய உடனே பழைய ஏட்டினைத் தீயிலிடும் எழுத்தாளன் ஒருவனை நாம் அமர்த்துவோமா? ஆடிப்படி எடுக்கும் மென்பொருள் அத்தகையோனே. ஆகவே கோப்பின் முந்தைய நிலைகளைக் குறைந்தது சில திங்களுக்கேனும் நீக்காது வைத்திருத்தல் மென்பொருளிடம் நாம் வேண்டும் முதற் பண்பு. கோப்புக் கெட்டது நமக்கு அன்றே தெரியவரும் என்பதற்கு உறுதி இல்லை. சென்ற ஆண்டு முடித்துவைத்த இயலை இவ்வாண்டு ஆய்வேட்டைத் தொகுக்கும்போதே மீண்டும் திறப்போம்.

இரண்டாவது பண்பு, படியெடுத்த மென்பொருள் இல்லாமலே படியைத் திறக்க இயலுதல். சில மென்பொருள்கள் கோப்புகளைத் தமக்கே உரிய வடிவில் ஒரே தொகுதியாக்கி வைக்கின்றன. அத்தொகுதி அவற்றிற்கன்றிப் பிறர்க்குப் புலப்படாது. மென்பொருள்களின் வாழ்நாளோ ஆய்வாளரின் வாழ்நாளினும் சிறிது. மேக்ரியம் ரிஃப்ளெக்ட் என்பதன் விலையில்லாப் பதிப்பு பலராலும் விரும்பப்பட்டது. 2024-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளோடு அதற்கு ஆதரவு முடிவுற்றது. அது படைக்கும் தொகுதியைத் திறக்க அம்மென்பொருளே வேண்டும். 2015-ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் ரெஸ்டிக், போர்க் என்பன மிக நுட்பமானவை. ஒரு கோப்பினைச் சிறு கூறுகளாக்கி, ஒத்த கூறுகளை ஒருமுறையே வைப்பதனால், நூறு நிலைகளை வைத்தாலும் இடம் பெரிதும் மிகாது. ஆயின் அவையும் தொகுதியாகவே வைக்கின்றன. மறைகுறியாக்கம் செய்த தொகுதியின் கடவுச்சொல் மறந்துவிடின் அதனைத் திறக்கும் வழி எவர்க்கும் இல்லை. நிரலோட்டத்திற் பயிற்சியுடையார் இவற்றை நம்பிக் கொள்ளலாம். நம் துறையினர்க்கு யாம் இவற்றை முதலாவதாகப் பரிந்துரையோம்.

இவ்விரு பண்பும் ஒருங்கே அமைந்தது எதுவெனின், விண்டோஸ் 8 தொடங்கி 2012 முதல் அவ்வியங்குதளத்துடன் வருகின்ற ஃபைல் ஹிஸ்டரியைக் கூறலாம். மாற்றமுற்ற கோப்பை மணிக்கொருமுறை எடுத்து, எடுத்த நாளையும் நேரத்தையும் கோப்பின் பெயரோடு சேர்த்து, சாதாரணக் கோப்பாகவே அது வன்தட்டில் வைக்கும். பிற கணிப்பொறியில் அவ்வன்தட்டை இணைத்து நேரே திறக்கலாம். இவ்வளவு எளிய கருவியைப் பலர் அறியாதிருத்தல் வியப்பே. ஃப்ரீஃபைல்சிங்க் என்னும் புறமென்பொருளும், நிலைகளை வைத்திருக்கும் விருப்பத்தை இயக்கினால், பழங்கோப்புகளை நேரக்குறிப்புடன் தனிக் கோப்புறைக்கு மாற்றி வைக்கும். ஆப்பிள் கணிப்பொறி உடையார்க்கு 2007 முதல் உள்ள டைம் மெஷின் தக்கது. கடந்த 24 மணி நேரத்திற்கு மணிதோறும், ஒரு திங்களுக்கு நாள்தோறும், அதற்கு முன்பு வாரந்தோறும் ஒரு நிலை என அது வைக்கிறது. வன்தட்டு நிறைந்தபின் பழையவற்றை நீக்கும். ஆயின் அவ்வன்தட்டை விண்டோஸ் கணிப்பொறி நேரே படிக்க இயலாது என்பதனை இரு வகைக் கணிப்பொறிகளும் உள்ள துறைகள் நினைவிற் கொள்க.

ஃபைல் ஹிஸ்டரியில் ஒரு குறை உண்டு. அது நம்மிடையே பெரிதும் இடர் விளைப்பது. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் முதலிய சில கோப்புறைகளை மட்டுமே அது தானாக எடுக்கும். நம்மவர் பலர் இயங்குதளம் கெட்டாலும் கோப்புகள் நிற்கும் என்று கருதி அனைத்தையும் டி டிரைவில் வைக்கின்றனர். அதனை லைப்ரரி என்னும் தொகுப்பிற் சேர்த்தாலன்றி ஃபைல் ஹிஸ்டரி காணாது. ஆண்டு பலவாக நாள்தோறும் படியெடுத்தும் ஆய்வேடு ஒருநாளும் எடுக்கப்படாதிருத்தல் இங்ஙனம் கூடும். எழுத்துருக்களும் அத்தன்மையனவே. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கட்டுரை பழுதின்றி மீண்டாலும், எழுத்துரு மீளாவிடின் பொருளற்ற உரோமன் எழுத்துக்களாகவே தோன்றும். எழுத்துருக் கோப்பினைக் கட்டுரையுள்ள கோப்புறையிலேயே ஒரு படி இட்டு வைத்தல் நன்று.

தமிழிற் கோப்புகளுக்குப் பெயரிடுவோர் கருதவேண்டியது பிறிதொன்று உண்டு. யூனிக்கோடு முறையில் ஒகர ஓகார உயிர்க்குறிகளை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாகப் பிரித்து இரு குறியெண்ணாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆப்பிள் கணிப்பொறிகளின் பழைய வன்தட்டு அமைப்பாகிய எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்தே பதியும். விண்டோஸ் தட்டச்சிட்டவாறே பதியும். ஆகவே தொல்காப்பியம் என்னும் கோப்புறை ஓர் ஆப்பிள் கணிப்பொறி வழியாகவும் ஒரு விண்டோஸ் கணிப்பொறி வழியாகவும் ஒரே வன்தட்டிற்கு வந்தால், அப்பெயரால் இரு கோப்புறைகள் அருகருகே நிற்றல் கூடும். ஆடிப்படி எடுக்கும் மென்பொருள் அவற்றுள் ஒன்றனை மிகையெனக் கருதி நீக்குதலும் கூடும். பெயரின் நீளத்திலும் ஒரு வரம்பு உண்டு. லினக்சில் வழங்கும் எக்ஸ்ட்4 அமைப்பு ஒரு பெயருக்கு 255 பைட்டே இடந்தரும். தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட்டு. புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படும். ஏழெழுத்துள்ள தொல்காப்பியம் என்னும் சொல்லுக்கே 13 குறியெண், 39 பைட்டு ஆகின்றன. கட்டுரைத் தலைப்பு முழுவதையும் கோப்பின் பெயராக இடுவோர் 85 குறியெண்ணைக் கடத்தல் எளிது. கடந்தால் அக்கோப்பு மட்டும் படியெடுக்கப்படாது விடுபடும். பிழைச்செய்தி பதிவேட்டின் எங்கோ ஒரு வரியிற் கிடக்கும்.

அளவு பற்றியும் சிறிது கூறுவாம். 40 செண்டிமீட்டர் நீளமும் மூன்றரைச் செண்டிமீட்டர் அகலமும் உள்ள ஓலையின் ஒரு பக்கத்தை 600 டிபிஐ அளவில் வண்ணத்திற் சுருக்காது பதிந்தால் ஏறத்தாழ 23 மெகாபைட் ஆகும். 200 ஓலைச் சுவடி ஒன்றற்கு 9 கிகாபைட்டுக்கு மேல் வேண்டும். இவை மாறாத கோப்புகள். ஆதலின் மாறியவற்றை மட்டும் எடுக்கும் மென்பொருளுக்கு முதல்நாள் ஒன்றே நெடும்பொழுதாகும். ஆயின் மாறியதா என்பதனை அளவையும் திருத்திய நாளையும் கொண்டே பெரும்பாலான மென்பொருள்கள் துணிகின்றன, உள்ளடக்கத்தை நோக்குவதில்லை. வன்தட்டின் முதுமையால் ஓர் ஒளிப்படத்தின் உட்கூறு கெட்டாலும் அவை அறியா. சுவடி ஒளிப்படங்களை வைத்திருப்போர், உள்ளடக்கத்தைச் சரிகூட்டெண் கொண்டு ஒப்பிடும் வசதியுள்ள மென்பொருளையே தேர்ந்து, ஆண்டிற்கொருமுறையேனும் அதனை இயக்குதல் வேண்டும். புற வன்தட்டு எஃப்ஏடி32 அமைப்பில் இருப்பின் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட நேர்காணல் ஒளிக்காட்சி எதுவும் அதனுட் செல்லாது என்பதனையும் முன்னரே பார்த்துக்கொள்க.

வன்தட்டை எந்நேரமும் கணிப்பொறியோடு இணைத்தே வைத்தல் தகாது. 2017-ஆம் ஆண்டு மே திங்களில் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை போன்ற பணயத் தீநிரல்கள், இணைந்துள்ள வன்தட்டுகளின் கோப்புகளையும் ஒருங்கே பூட்டிவிடும். இரண்டு வன்தட்டுகளைக் கொண்டு, ஒன்றனைத் துறையிலும் ஒன்றனை வீட்டிலும் வைத்து, வாரந்தோறும் மாற்றுதல் எளிது. மணிதோறும் படியெடுக்கும் வசதி இதனாற் குறையும் என்பார் உளர். குறைக, பணிசெய்யும் பொழுது மட்டும் இணைத்து, முடிந்ததும் எடுத்துவிடின் போதும்.

மென்பொருளைத் தேர்ந்தபின் செய்யத்தக்கது ஒன்று எஞ்சியுள்ளது. அம்மென்பொருள் நிறுவப்படாத வேறொரு கணிப்பொறியிற் புற வன்தட்டை இணைத்து, மூன்று கோப்புகளைத் திறந்து பார்த்தல் வேண்டும்: நேற்றுத் திருத்திய ஆய்வேட்டு இயல் ஒன்று, அதன் மூன்று திங்களுக்கு முற்பட்ட நிலை ஒன்று, ஒகரமோ ஓகாரமோ அமைந்த நீண்ட தமிழ்ப் பெயருடைய ஒலிப்பதிவோ ஒளிப்படமோ ஒன்று. கோப்பின் பெயர் பட்டியலில் இருத்தல் போதாது. இயலின் இறுதிப் பக்கம் வரை புரட்டுதல் வேண்டும். ஒலிப்பதிவை இறுதி வரை கேட்டல் வேண்டும். இதற்கு அரைநாள் ஆகலாம். மூன்றனுள் ஒன்று திறவாவிடினும் அம்மென்பொருளை அன்றே விடுத்து வேறொன்றைத் தேர்க.