ஆரியங்காவிலே தெரிந்தது ராயகிரிக்குத் தெரிய வேண்டாமா?

ராயகிரியிலே கடல் இல்லை. மேற்கே மலை, கீழே நெல்லும் கரும்பும். ஆனாலும் வாரமெல்லாம் உழைத்த தோழர் ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ சாளையாவது வாங்கத்தான் செய்கிறார். தூத்துக்குடியில் கரையேறும் மீன் கோவில்பட்டியும் சங்கரன்கோவிலும் தாண்டி, நூறு கிலோமீட்டருக்கு மேல் வெயிலில் வந்தாக வேண்டும். அதைக் காப்பது ஐஸ். ஐஸுக்குக் காசு வேண்டும். அந்தக் காசையும் மிச்சம் பிடிக்கத் துணிந்தவன் தேடுவது பார்மலின். பிணம் அழுகாமலிருக்கப் போடுகிறார்களே, அதே சரக்கு!

செவுளைத் தூக்கிப் பார், சதையை அழுத்திப் பார் என்று நம் தாய்மார்கள் சொல்வார்கள். நல்ல பாடந்தான். ஆனால் பார்மலின் பட்ட மீன் விறைப்பாக நிற்கும்; நாறாது. அனுபவப்பட்ட கையையே ஏமாற்றிவிடும். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004-இல் இதை வகைப்படுத்தியது.

கற்பனை பேசவில்லை நாம். 2018 ஜூன் கடைசியில், செங்கோட்டைக்கு அப்பால் ஆரியங்காவு சோதனைச் சாவடியில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஏறத்தாழ 9,600 கிலோ மீனைக் கேரள அதிகாரிகள் பிடித்தார்கள். காட்டிக்கொடுத்தது ஒரு சின்னக் காகிதத் துண்டு! கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தில் இரண்டு பெண் விஞ்ஞானிகள் ஆராய்ந்து கண்டது. மீன்மேல் தேய்த்து, ஒரு சொட்டு மருந்து விட்டால், சில நிமிடத்தில் நிறம் மாறும். விலையும் சில ரூபாய்தான். முடிவான தீர்ப்பை ஆய்வுக்கூடமே சொல்ல வேண்டும். ஆனால் சந்தேகத்தைக் கிளப்ப இது போதும்.

அந்தக் காகிதம் ஏன் ஆரியங்காவுக்கு வந்தது? மலையாளத்து மக்கள் கேட்டார்கள், வந்தது. 1997-இல் ஐரோப்பியர், சுத்தமில்லை என்று இந்தியக் கடலுணவுக்குத் தடை போட்டார்கள். உடனே ஏற்றுமதி ஆலைகள் பளிங்காயின, பரிசோதனைக் கூடங்கள் முளைத்தன. டாலர் கொடுப்பவன் தட்டுக்கு ஆய்வு. கூலி வாங்குபவன் சட்டிக்கு?

ராயகிரி மீனில் நஞ்சு இருக்கிறதென்று நாம் சொல்லவில்லை. இல்லை என்று சொல்ல யார் வந்தார்கள் என்றே கேட்கிறோம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 40-ஆம் பிரிவு, வாங்குகிறவரே கட்டணம் கட்டிச் சோதிக்கலாம் என்கிறது. 14 நாளில் அறிக்கையாம்! கூலியை விட்டு, கால் கிலோ மீனோடு பாளையங்கோட்டை ஆய்வுக்கூடத்துக்கு எந்தத் தோழர் பஸ் ஏறுவார்? அறிக்கை வருமுன் மற்ற மீன் வயிற்றில் சேர்ந்திருக்கும்.

இன்னொன்று. சோதனை என்றதும் தெருவில் கூடை சுமக்கும் அம்மாளைப் பிடித்து மிரட்டக் கூடாது. அவர் விடியலில் மொத்தக் கடையில் வாங்கியதை விற்கிறார். நஞ்சு கலந்தால் அது அவருக்கு மேலேதான் கலக்கிறது. பிடிப்பதானால் ஏலக் களத்தில் பிடியுங்கள், லாரியை நிறுத்திப் பாருங்கள். கூடைக்காரருக்கு மலிவு விலையில் ஐஸ் கொடுங்கள்.

கேட்பதற்கு மனு எழுத வேண்டும். ராயகிரிப் பேரூராட்சிக்கும், தென்காசி மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் நம் கிளைத் தோழர்கள் எழுதட்டும்: ஞாயிறுதோறும் மீன் விற்குமிடத்தில் அந்தக் காகிதத்தோடு ஓர் ஊழியர் நிற்க வேண்டும்; கண்ட முடிவைக் கரும்பலகையில் அங்கேயே எழுதிப்போட வேண்டும்.