கோடைக் கனிகளும் உழவர் சந்தையும்

பங்குனி பிறந்துவிட்டால் நம் அனந்தபுரத்தில் வெயில் சுடத் தொடங்குகிறது. பள்ளி விட்டு வீடு திரும்பும் நமக்கு நாவறட்சியும் களைப்பும் மேலிடுகின்றன. ஆனால் அதே கோடையில்தான் தர்பூசணியும், கிர்ணிப்பழமும், வெள்ளரிப்பிஞ்சும், மாங்கனியும் நம் மாவட்டத்தில் வந்து குவிகின்றன. இவற்றைப் புதிதாகவும் நியாயமான விலையிலும் வாங்க ஏற்ற இடம் உழவர் சந்தை. அதைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோமா?

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் மதுரை அண்ணா நகரில் திறக்கப்பெற்றது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் கலைஞர் மு. கருணாநிதி. அதே ஆண்டு ஜனவரியில் ஆந்திர மாநிலம் ‘ரைத்து பஜார்’ என்ற பெயரில் இதுபோன்ற சந்தைகளைத் தொடங்கியிருந்தது. பின்னர் நம் மாநிலத்தின் பல ஊர்களிலும் உழவர் சந்தைகள் ஏற்பட்டன. நமக்கு அருகில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அவை உள்ளன.

இப்படி ஒரு சந்தை எதற்கு? ‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது’ என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. தோட்டத்தில் விளைந்த கத்தரிக்காய் நம் வீட்டு அடுப்புக்கு வருமுன் தரகர், மண்டிக்காரர், சில்லறை வியாபாரி எனப் பல கைகள் மாறுகிறது. ஒவ்வொரு கையிலும் விலை சிறிது ஏறுகிறது. முடிவில் நம் தாய்மார் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். உழவரோ குறைவாகப் பெறுகிறார்.

உழவர் சந்தையில் விளைவித்தவரே விற்கிறார். அவர் உண்மையான உழவர்தாம் என்று அதிகாரிகள் நிலத்தைப் பார்த்து உறுதி செய்தபின், புகைப்படத்துடன் அடையாள அட்டை வழங்கப்படுகிறது. கடைக்கு வாடகை இல்லை, தராசும் கொடுக்கிறார்கள். நாள்தோறும் காலையில் விலை முடிவு செய்யப்பட்டுப் பலகையில் எழுதப்படுகிறது. மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதலாகவும், வெளிக்கடை விலையைவிட 15 விழுக்காடு குறைவாகவும் அது இருக்க வேண்டும் என்பது பொது விதி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மண்டியில் ஒரு கிலோ வெண்டைக்காய் 20 ரூபாய். வெளிக்கடையில் 28 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் அதன் விலை ஏறத்தாழ 24 ரூபாய். உழவருக்கு 4 ரூபாய் கூடுதல். நமக்கு 4 ரூபாய் மிச்சம். இருவருக்கும் நன்மைதானே!

பணம் மட்டுமா நன்மை? 2025-ஆம் ஆண்டுக் கோடையை நாம் மறக்க இயலாது. தர்பூசணிக்குள் ஊசி மூலம் சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு அப்போது தமிழ்நாடெங்கும் பரவியது. மக்கள் அஞ்சிப் பழம் வாங்குவதை நிறுத்தினர். விலை சரிந்தது. திண்டிவனம், மரக்காணம் பக்கங்களில் தர்பூசணி பயிரிட்டிருந்த உழவர்கள் பெரும் இழப்புக்கு ஆளாயினர். ஏறத்தாழ எண்பது நாள் நீர் பாய்ச்சிக் காத்த பயிர் அல்லவா அது!

சற்றே சிந்தித்திருந்தால் அச்சம் நீங்கியிருக்கும். தர்பூசணியின் சிவப்பு நிறத்துக்குக் காரணம் ‘லைகோபீன்’ என்னும் இயற்கைப் பொருள். தக்காளியைச் சிவக்கச் செய்வதும் அதுவே. ஊசியால் குத்திய பழத்தில் துளை வழியே சாறு கசியும். பழம் விரைவில் கெடும். சாயமும் எங்கும் ஒரே சீராகப் பரவாது. இதை நமக்கு எடுத்துச் சொல்ல விளைவித்தவர் எதிரே இருந்திருந்தால், வதந்தி இவ்வளவு தூரம் ஓடியிருக்குமா?

இனி, நல்ல பழத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையை அறிவோம். தர்பூசணி தரையில் படிந்திருந்த இடம் வெளிர் மஞ்சளாக இருந்தால் அது முற்றிய பழம். அளவுக்கு ஏற்ற கனமும் வேண்டும். கொடியிலிருந்து பறித்தபின் அது மேலும் இனிப்பதில்லை. ஆகையால் பிஞ்சாக வாங்கிப் பயனில்லை. கிர்ணிப்பழம் நல்ல மணம் வீசினால் பழுத்துவிட்டது என்று பொருள். வெள்ளரிப்பிஞ்சு பசுமையாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும். எந்தப் பழத்தையும் தோலைக் கழுவிய பின்னரே நறுக்க வேண்டும். ஈ மொய்க்கும் துண்டுகளை வாங்கவே கூடாது.

தர்பூசணியில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் நீர். வெள்ளரியில் ஏறத்தாழ 95 பங்கு நீர். வியர்வையால் நாம் இழக்கும் நீரை ஈடுசெய்ய இவை உதவுகின்றன. மாங்கனி கண்ணுக்கு நன்மை தரும் ‘ஏ’ உயிர்ச்சத்தைத் தருகிறது. கீரையைப் பல நாள் வைத்திருந்தால் ‘சி’ உயிர்ச்சத்துக் குறைந்துவிடும். அன்று பறித்ததை அன்றே சமைப்பது சிறப்பு.

தோழியரே! இக்கோடை விடுமுறையில் ஒருநாள் விடியற்காலையில் எழுந்து, துணிப்பையுடன் அம்மாவோடு உழவர் சந்தைக்குச் செல்வோம். விலைப்பலகையைப் படிப்போம். “எந்த ஊர் அம்மா? என்றைக்குப் பறித்தது?” என்று அன்போடு கேட்போம். நம் வீட்டு உணவை விளைவித்த கைகளை அறிந்தவர்கள், அதில் ஒரு துண்டையும் வீணாக்க மாட்டார்கள். கேட்ட வதந்தியை நம்பி அக்கைகளை வாடவிடவும் மாட்டார்கள்.