வேகமும் விவேகமும்

மடிக்கணினி வாங்கப் புகும் மாணவர் பலர், அதன் செயலி எத்தனை ஜிகாஹெர்ட்ஸ் என்பதையே முதற்கண் வினவுகின்றனர். எண் பெரிதாயின் செயலியும் சிறந்தது என்பது அவர்தம் துணிபு. இத்துணிபு எத்துணைப் பொருந்தும் என்பதை, இன்டெல் கம்பெனியார் 2003-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளியிட்ட பென்டியம் எம் என்னும் செயலியைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

செயலி ஒரு மின்துடிப்பின் தாளத்திற்கு இசைய இயங்குவது. விநாடிக்கு நூறு கோடித் துடிப்பு நிகழின் அஃது ஒரு ஜிகாஹெர்ட்ஸ். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகின்றது என்பதை இவ்வெண் கூறாது. குறுகிய அடியை விரைந்து வைப்பவனும், நீண்ட அடியை நிதானமாக வைப்பவனும் ஒரே பொழுதில் ஊர் சேர்தல் கூடுமன்றோ?

2000-ஆம் ஆண்டில் தோன்றிய பென்டியம் 4 முதல்வகையைச் சார்ந்தது. துடிப்பின் எண்ணைப் பெருக்கும்பொருட்டு, கட்டளையை நிறைவேற்றும் வழி அதில் 20 படிகளாகப் பகுக்கப்பட்டது. செயலியானது அடுத்து வரும் கட்டளை இன்னதென முன்னரே ஊகித்து வேலை தொடங்குவது. ஊகம் பிழைப்பின் செய்தவை வீணாம். படிகள் மிகுந்தோறும் இவ்விழப்பும் மிகும்.

இஸ்ரேல் நாட்டு ஹைஃபா நகரில் இன்டெல் பொறியாளர் வகுத்த பென்டியம் எம், படிகளைக் குறைத்து ஊகத்தைக் கூர்மையாக்கிற்று. அடிக்கடி வேண்டப்படுவனவற்றை அருகே வைத்துக்கொள்ளும் கேஷ் நினைவகமும் அதில் 1 மெகாபைட் அமைந்தது. 7 கோடியே 70 இலட்சம் டிரான்ஸிஸ்டர்களைக் கொண்ட இச்செயலி, 1.6 ஜிகாஹெர்ட்ஸில் இயங்கியே, பல வேலைகளில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-எம் செயலிக்கு ஈடாக நின்றது.

இதன் மற்றொரு சிறப்புச் சிக்கனம். மின்செலவு துடிப்பின் எண்ணிற்கேற்பவும், மின்னழுத்தத்தின் இருமடிக்கேற்பவும் வளர்வது. ஆதலின் வேலை குறையுங்கால் இச்செயலி இரண்டனையும் ஒருங்கே தாழ்த்தும். 1.6 ஜிகாஹெர்ட்ஸில் 1.484 வோல்ட்டும் 24.5 வாட்டும் கொள்வது, 600 மெகாஹெர்ட்ஸில் 0.956 வோல்ட்டும் 6 வாட்டுமே கொள்ளும். பாட்டரியை நம்பி இயங்கும் கருவிக்கு இதனினும் வேண்டுவது யாது?

2006-ஆம் ஆண்டில் இன்டெல் கம்பெனியார் வெளியிட்ட கோர் 2 செயலிகள், பென்டியம் எம் காட்டிய நெறியைப் பின்பற்றியே எழுந்தன. பென்டியம் 4-இன் நெறி கைவிடப்பட்டது. ஆகலின், மடிக்கணினி வாங்குவோர் துடிப்பின் எண்ணோடு நில்லாது, ஒரு துடிப்பில் முடியும் வேலை எவ்வளவு, அதற்காகும் மின்செலவு எவ்வளவு என்னும் இரண்டனையும் வினவி அறிதல் நலமாம்.